இடிஞ்ச கோயிலை எப்படிப் பாக்கணும்: மெர்போக்ல ஆரம்பிச்சு கொடும்பாளூர் வரைக்கும்

மலேசியாவுல நம்ம கெடா மாநிலத்து பீடோங், சுங்கை லாலாங், செமிலிங் பக்கம் இருந்து இந்தியா போறவங்க டூர் லிஸ்ட்டை வாங்கிப் பாத்தீங்கன்னா எல்லாம் ஒண்ணுபோலதான் இருக்கும், சமயபுரம், பழனி, மதுரை, ராமேஸ்வரம், தஞ்சாவூர், அப்புறம் துணிக்கடை நகைக்கடை. அது தப்புன்னு சொல்லவே மாட்டேன், வீட்ல பெரியவங்களுக்கு நேர்த்திக்கடன் இருக்கும், கல்யாணத்துக்குப் புடவை எடுக்கணும், எல்லாம் சரிதான். ஆனா அதுல ஒரே ஒரு நாளை ஒதுக்கி இடிஞ்ச கோயில் ஒண்ணைப் போய்ப் பாருங்கன்னு நான் பாக்குறவங்ககிட்ட எல்லாம் கேட்டுக்கிட்டே இருக்கேன். உடனே வர்ற கேள்வி, "பூஜையே நடக்காத கோயில்ல போய் என்னாத்தைப் பாக்குறது?"

பூஜை நடக்குற கோயில்ல கூட்டம், வரிசைக் கம்பி, எண்ணெய்ப் பிசுக்கு, ட்யூப் லைட்டு, பெயிண்ட்டுன்னு பாதிக் கல்லு கண்ணுக்கே தெரியாது, நாமளும் சாமி முகத்தைப் பாத்துட்டு நகந்துடுவோம். இடிஞ்ச கோயில்ல யாரும் உங்களைத் தள்ள மாட்டாங்க, எந்தக் கல்லு மேல எந்தக் கல்லு உக்காந்திருக்கு, கட்டினவன் முதல்ல என்ன செஞ்சான் அடுத்து என்ன செஞ்சான்னு எல்லாமே வெளிய தெரியும். ஆனா பாக்கத் தெரிஞ்சு போகணும், இல்லன்னா பத்து நிமிஷத்துல செல்ஃபி எடுத்துட்டு காடியில ஏறிடுவீங்க. அந்தப் பாக்குற முறையைத்தான் சொல்லப் போறேன், அதுக்கு நான் எடுத்துக்குற ஊர் புதுக்கோட்டை மாவட்டத்துல இருக்குற கொடும்பாளூர். ஏன் அதுன்னா திருச்சியில இருந்து சுமார் 40 கிலோமீட்டர்தான், மதுரை போற ஹைவேல விராலிமலை தாண்டி வரும், அதைவிட முக்கியம் அங்க மூவர் கோயில்னு ஒரே வரிசையில கட்டின மூணு கோயில்ல ரெண்டு நிக்குது, ஒண்ணு அடித்தளம் மட்டும் கிடக்குது. முழுசையும் உடைஞ்சதையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாக்குற மாதிரி இடம் லேசுல கிடைக்காது.

ஆனா ஃபிளைட் டிக்கெட் எடுக்குறதுக்கு முன்னாடி ஒரு ஞாயித்துக்கிழமை மெர்போக் போயிட்டு வந்துடுங்க. நம்ம வீட்டுக்கிட்டயே, குனோங் ஜெராய் மலை அடிவாரத்துல, பூஜாங் பள்ளத்தாக்கு மியூசியம் இருக்கு, கெடாவுல பொறந்து வளந்த நம்ம ஆளுங்களே நிறைய பேர் ஸ்கூல் ட்ரிப்போட சரி, அப்புறம் அந்தப் பக்கம் தலை வச்சுப் படுக்குறதில்ல. அங்க புக்கிட் பத்து பஹாட் சண்டின்னு ஒண்ணு (சண்டின்னா மலாய்ல பழங்காலக் கோயில்), 1960 வாக்குல கல்லை எல்லாம் திரும்ப அடுக்கி நிறுத்தினது. பாத்த உடனே பெருசா ஒண்ணும் தெரியாது, மேல கூரை கிடையாது கோபுரம் கிடையாது, கல்லு மேடைதான். மேடையில ஏறிப் போனீங்கன்னா சின்னதா சதுரமா ஒரு இடம், அது கருவறை, அதுக்கு முன்னாடி நீளமா ஒரு இடம், அது மண்டபம். அந்த மண்டபத்துல வரிசையா குழி வெட்டின கல்லுங்க இருக்கும், அதுல ஒண்ணு பக்கத்துல குந்தி உக்காந்து நல்லாப் பாருங்க. குழி எதுக்கு? மரத்தூணைச் சொருகுறதுக்கு. மரம் மக்கிப் போச்சு, கூரை போச்சு, குழி மட்டும் இருக்கு. இந்தக் குழியில இருந்து தூணு, தூணுல இருந்து கூரை, கூரையில இருந்து மழைத்தண்ணி எங்க வழிஞ்சிருக்கும்னு மனசுல கட்டிப் பாக்குற பழக்கம் வந்துச்சுன்னா பாதி வேலை முடிஞ்சுது, கொடும்பாளூர்ல அதே வேலையைத்தான் கருங்கல்லுல பெருசா செய்யப் போறீங்க.

பிள்ளைங்களைக் கண்டிப்பா கூட்டிட்டுப் போங்க. ராஜேந்திர சோழன் படை 1025ல கடாரத்துக்கு வந்ததை ஸ்கூல்ல படிச்சிருப்பாங்க, அந்தக் கடாரம் நம்ம கெடாதான்னு சொல்லிட்டு கல்லைத் தொட்டுப் பாக்க வச்சா அது வேற. வேற இடங்கள்ல தோண்டி எடுத்த சண்டிகளையும் பேத்துக் கொண்டாந்து அங்க வச்சிருக்காங்க. 2013ல சுங்கை பத்து பக்கம் வீடு கட்ட நிலத்தைத் தள்ளினப்ப 11-ஆம் நம்பர் சண்டி இடிபட்டுப் போச்சே, அந்தச் செய்தி நம்ம வட்டாரத்துல எவ்வளவு பேருக்கு இன்னும் நெஞ்சுல நிக்குதுன்னு எனக்குத் தெரியும், அதைப் பிள்ளைங்களுக்கும் சொல்லுங்க.

இப்ப பயணம். கோலாலம்பூர்ல இருந்து திருச்சிக்கு நேரடி ஃபிளைட் இருக்கு, நாலு மணி நேரம் சொச்சம், விசாவை ஆன்லைன்லயே முன்கூட்டி எடுத்துடுங்க. டிசம்பர் கடைசியில இருந்து பிப்ரவரி வரைக்கும் நல்ல காலம், நம்ம ஸ்கூல் லீவும் கொஞ்சம் ஒத்து வரும். அக்டோபர் நவம்பர்ல அங்க மழை, ஏப்ரல் மே மாசம் போகவே போகாதீங்க, அந்தப் புதுக்கோட்டை பூமியில வெயில் நம்ம ஊர் வெயில் மாதிரி இல்ல, மரநிழலும் கம்மி, பெரியவங்களுக்குத் தலை சுத்திடும். திருச்சியில ரூம் போட்டுக்கிட்டு ஒரு நாளுக்கு வண்டி பேசிக்கிறதுதான் நல்லது. பஸ்ஸுலயும் போகலாம், விராலிமலை வரைக்கும் பஸ், அங்க இருந்து ஆட்டோ, ஆனா குடும்பத்தோட போனா வண்டிதான் தோது, காத்திருக்கச் சொல்லலாம், தண்ணி பாட்டில், பழம், குடை எல்லாம் வண்டியிலயே கிடக்கும். டிரைவர்கிட்ட "கொடும்பாளூர் மூவர் கோயில்"னு சொல்லிப் பேசுங்க, வெறுமனே கொடும்பாளூர்னு சொன்னா ஊருக்குள்ள இறக்கி விட்டுடுவாரு. பாத்ரூம் வேலையை விராலிமலையிலயே முடிச்சுக்கோங்க.

விராலிமலைன்னதும் ஒண்ணு சொல்லிடறேன், கூட வர்ற பாட்டி தாத்தாவைச் சம்மதிக்க வைக்கிற வழி இதுதான். காலையில முதல்ல விராலிமலை முருகனைப் பாத்துடுங்க, மயில் நடமாடுற மலை, சாமிக்குச் சுருட்டு படைக்கிற கோயில், அவங்களுக்கு மனசு நிறைஞ்சுடும். அதுக்கப்புறம் நீங்க எந்தக் கல்லுப் பக்கம் எவ்வளவு நேரம் உக்காந்தாலும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. என் அனுபவத்துல இந்த வரிசை மாறினா "எப்பப்பா கோயிலுக்குப் போறது"ன்னு கேட்டுக்கிட்டே இருப்பாங்க.

மூவர் கோயில் மேக்குப் பாத்து இருக்கு. அதனால முகப்புல வெயில் விழுறது மத்தியானத்துக்கு மேலதான், போட்டோ ஆசை இருக்கறவங்க மூணு மணி வாக்குல அங்க இருக்குற மாதிரி பாத்துக்கோங்க, ரொம்ப லேட்டாவும் போகாதீங்க, தொல்லியல் துறை இடம், சாயங்காலம் பூட்டிடுவாங்க. காவலுக்கு இருக்குற அண்ணன்கிட்ட ஒரு வணக்கம் சொல்லி மலேசியாவுல இருந்து வந்திருக்கோம்னு சொல்லுங்க, எங்க கல்லு உடைஞ்சிருக்கு எங்க கால் வைக்கக் கூடாதுன்னு அவங்களே சொல்லுவாங்க.

உள்ள போனதும் எல்லாரும் பண்றது நேரா நிக்குற ரெண்டு விமானத்துக்கிட்ட, அதாவது கருவறையும் அதுக்கு மேல எழும்புற கோபுரமும் சேந்த கட்டடத்துக்கிட்ட, ஓடுறது. அதைச் செய்யாதீங்க. முதல்ல சுத்துச் சுவர் ஓரமா மெதுவா ஒரு சுத்து வாங்க. தரையோட தரையா சின்னச் சின்னச் சதுர அடித்தளமா தெரியும், அதெல்லாம் சுத்தி இருந்த உபகோயில்கள், மொத்தம் 15. பிள்ளைங்களை எண்ண விடுங்க, எண்ணி முடிக்கும்போது அவங்களுக்கே கோயிலோட அளவு புரிஞ்சிடும், ஏன்னா இப்ப நிக்குற ரெண்டு விமானத்தை மட்டும் பாத்தா சின்னக் கோயில்னு தோணும், 15 உபகோயில், நடுவுல மூணு பெரிய கோயில், அது மூணுக்கும் பொதுவா முன்னாடி ஒரு மகாமண்டபம், அதுக்கும் முன்னாடி நந்திக்கு ஒரு மண்டபம், சுத்தி மதில், மேக்கால வாசல்னு எல்லாத்தையும் சேத்துப் பாத்தாத்தான் எவ்வளவு பெரிய வேலைன்னு விளங்கும். மகாமண்டபம் இப்ப வெறும் தரைதான், மெர்போக்ல செஞ்ச மாதிரி தூணை மனசுல நிறுத்திப் பாருங்க.

ரெண்டாவது, வடக்கால இருக்குற மூணாவது கோயில். அது மேல ஒண்ணுமில்ல, அடித்தளம் மட்டும்தான், அதனால எல்லாரும் தாண்டிப் போயிடுவாங்க, ஆனா நான் சொல்றேன் அங்கதான் அதிக நேரம் உக்காரணும். ஒவ்வொரு கோயிலும் அடியில சுமார் 21 அடிச் சதுரம். வடக்குக் கோயிலோட அடித்தளத்துப் பக்கத்துல குந்திக்கிட்டு கீழ இருந்து மேல ஒவ்வொரு வரியா கண்ணை ஓட்டுங்க. அடியில தரையோட ஒட்டின கல்லு, அதுக்கு மேல ஜகதின்னு சொல்ற கல்லு வரி, அதுக்கு மேல உருட்டா வர்றது குமுதம், அதுக்கும் மேல ஒரு பட்டையில வரிசையா யாளி, சிங்கம் மாதிரி கற்பனை மிருகம். சுண்ணாம்புச் சாந்து பூசி ஒட்டின வேலை இல்ல இது, கல்லோட கனமே கல்லைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிற வேலை, ஒரு கல்லுக்கும் அடுத்த கல்லுக்கும் நடுவுல இருக்குற இணைப்பை விரல் வச்சு அளந்து பாருங்க, எவ்வளவு சன்னமா இருக்கும்னு. யாளி வரிக்கு செல்போன் டார்ச்சைப் பக்கவாட்டுல சாச்சுப் பிடிங்க, நேரா அடிச்சா எல்லாம் தட்டையாத் தெரியும், பக்கத்துல இருந்து வெளிச்சம் வந்தா ஒவ்வொரு யாளியோட கண்ணும் பல்லும் தனித்தனியா எழுந்து நிக்கும், ஒண்ணு மாதிரி ஒண்ணு இருக்காது, வாயைத் திறந்த விதம் மாறும், காலைத் தூக்கின விதம் மாறும். எந்தச் சிற்பியும் யாரும் பாக்க மாட்டாங்கன்னு ஒரு கல்லுல கூட சோம்பல் படல. எனக்கு அந்தக் கோயில்ல உசந்த இடம் அதுதான்.

இப்ப எந்திரிச்சு நடு விமானத்துக்குப் போங்க. அதே அடித்தளத்து வரி அங்கயும் இருக்கும், இந்தத் தடவை அதுக்கு மேல சுவரும் இருக்கும், அதனால கண்ணு தானா மேல ஏறும். சுவர்ல அரைத்தூண், அரைத்தூணுக்கு நடுவுல மாடம் மாதிரி கோஷ்டம், சுவர் முடியுற இடத்துல பூதகணங்க வரிசை, குட்டையா தொப்பை வச்சுக்கிட்டு பாட்டும் ஆட்டமுமா, அதுக்கு மேல வெளிய வளைஞ்சு வர்ற கல்லு கபோதம், அதுல வளைவு வளைவா இருக்குறது கூடு. அதுக்கும் மேல தளம், கழுத்து, உச்சியில சதுரமா சிகரம். அடியில இருந்து உச்சி வரைக்கும் கருங்கல்லு. அர்த்தநாரீஸ்வரரைத் தேடிக் கண்டுபிடிங்க, யானைத் தோலை உரிச்ச சிவனையும் தேடுங்க, நான் எந்தப் பக்கம்னு சொல்ல மாட்டேன், நாலு பக்கமும் சுத்தினாத்தான் மத்ததும் கண்ணுல படும். காலியா இருக்குற கோஷ்டத்தையும் பாத்துக்கோங்க. இந்த வட்டாரத்துச் சிலைங்களைத் தொடர்ந்து பாக்க ஆசைன்னா புதுக்கோட்டை பக்கம் திருக்கோகர்ணத்துல இருக்குற அரசு மியூசியத்துக்கு இன்னொரு அரை நாள் வச்சுக்கலாம்.

கட்டினது யாரு? இதைப் போறதுக்கு முன்னாடியே வீட்ல எல்லாருக்கும் சொல்லி வச்சிடுங்க, அங்க போய் வெயில்ல நின்னு லெக்சர் அடிச்சா யாரும் கேக்க மாட்டாங்க. கொடும்பாளூரை ஆண்டவங்க இருக்குவேளிருங்க, சோழங்களோட பொண்ணு குடுத்து பொண்ணு எடுத்து, சோழங்களுக்காகப் பாண்டியங்களோட சண்டை போட்ட குறுநில அரசருங்க. அதுல பூதி விக்கிரமகேசரின்னு ஒருத்தர் தன் பேருலயும், கற்றளி, வரகுணைன்னு தன்னோட ரெண்டு ராணிங்க பேருலயும் இந்த மூணு விமானத்தையும் எழுப்பினாரு. இதை யாரோ வாய்வழியாச் சொன்னதில்ல, நடு விமானத்துச் சுவர்ல கிரந்த எழுத்துல ஒரு சமஸ்கிருதக் கல்வெட்டு இருக்கு, இருக்குவேளிர் வம்சத்தோட பரம்பரையே அதுலதான் வருது, ஆரம்ப வரிங்க அழிஞ்சு போச்சு. காலம் 10-ஆம் நூற்றாண்டுன்னு நிறைய ஆராய்ச்சியாளருங்க சொல்றாங்க, கொஞ்சம் முன்னாடி 9-ஆம் நூற்றாண்டு கடைசிங்கிறவங்களும் உண்டு.

அந்தக் கல்வெட்டுல எனக்கு ரொம்பப் பிடிச்சது அரசன் ஜெயிச்ச சண்டை இல்ல. மதுரைக்காரரான மல்லிகார்ஜுனர்னு ஒரு காளாமுகத் துறவிக்கு (காளாமுகம்னா சைவத்துல ஒரு பிரிவு) ராஜா ஒரு பெரிய மடத்தைக் குடுத்து, 50 துறவிங்களுக்குச் சாப்பாடு போட 11 ஊரை எழுதி வச்ச செய்தி. சாப்பாட்டுக் கணக்கைக் கல்லுல வெட்டி வச்சிருக்காங்க பாருங்க. அதே ஊரை ஆண்ட இன்னொரு ராஜாதான் 63 நாயன்மாருல ஒருத்தரான இடங்கழி நாயனார், அடியாருங்களுக்குச் சோறு போட நெல்லு இல்லாம ராத்திரி அரண்மனைக் களஞ்சியத்துல திருடப் போன ஒருத்தரைப் பிடிச்சுக் கொண்டாந்து நிறுத்தினப்ப, காரணத்தைக் கேட்டுட்டு களஞ்சியத்தையே திறந்து விட்டவரு. சிலப்பதிகாரத்துல கோவலனும் கண்ணகியும் மதுரைக்குப் போற வழியைச் சொல்லும்போது பாதை மூணாப் பிரியுற இடமா கொடும்பைங்கிற பேருல வர்றதும் இந்தக் கொடும்பாளூர்தான். இவ்வளவையும் தெரிஞ்சுக்கிட்டு அந்தத் தரையில நின்னா கல்லு வெறும் கல்லா இருக்காது.

கல்வெட்டைப் பாக்குறப்ப சாக்குப்பீஸ், மாவு, திருநீறு எதையும் எழுத்து மேல தேய்க்காதீங்க, தண்ணியும் ஊத்தாதீங்க, நம்ம ஆளுங்க ஆர்வத்துல செய்யறதுதான், ஆனா கல்லுக்கு அது கெடுதல். திரும்பவும் அதே டார்ச் வித்தைதான், பக்கவாட்டு வெளிச்சத்துல எழுத்து நல்லா எழும்பும். சூடம் கொளுத்துறது, எண்ணெய் விளக்கு, குங்குமம் தடவுறது எதுவும் மூவர் கோயில்ல வேண்டாம். சாமி கும்பிடணும்னு மனசு கேட்டா பக்கத்துலயே முசுகுந்தேஸ்வரர் கோயில் இருக்கு, அதுவும் 10-ஆம் நூற்றாண்டுக் கோயில், மகிமாலய இருக்குவேள் கட்டினது, அங்க போய் அர்ச்சனை பண்ணிக்கோங்க. கருவறைக்குள்ள ஏறும்போது செருப்பைக் கழட்டணும், கல்லு சுடும், அதனால காட்டன் சாக்ஸ் ஒண்ணு பையில இருக்கட்டும். விமானத்து மேல பிள்ளைங்களை ஏத்தி நிறுத்திப் போட்டோ எடுக்கக் கூடாது, டிரோன் கூடவே கூடாது, டிரைபாட் வைக்கணும்னா முன்கூட்டியே அனுமதி வாங்கணும், போன்ல எடுக்க எந்தத் தடையும் இல்ல.

நேரம் இருந்தா ஐவர் கோயில் இருந்த இடத்தையும் கேட்டுப் போய்ப் பாருங்க, அஞ்சு கருவறை இருந்த கோயிலு, இப்ப அடித்தளம்தான், அங்கயும் ஒரு பெரிய ஒத்தைக்கல் நந்தி கிடைச்சிருக்கு. ஊருக்குள்ள ஒரு காலத்துல 108 கோயில் இருந்துச்சுன்னு பேச்சு உண்டு. இன்னொரு நாள் இருந்தா அதே புதுக்கோட்டை மாவட்டத்துல இருக்குற நார்த்தாமலை. மலைமேல ஏறணும், முட்டி வலி இருக்கறவங்க யோசிச்சுக்கோங்க, ஆனா மேல இருக்குற விஜயாலய சோழீஸ்வரம் கோயில் அருமையான இடம், வெளிய சதுரச் சுவர், உள்ள வட்டமான கருவறை. முத்தரையர் குலத்துக் குறுநில அரசர் ஒருத்தர் கட்டி, மழையில இடிஞ்சு, இன்னொருத்தர் திரும்ப எடுத்துக் கட்டினதை அங்க உள்ள கல்வெட்டே சொல்லுது. சுத்தி இருந்த எட்டு சின்னக் கோயில்ல ஆறு மிச்சம் இருக்கு. மூவர் கோயில்ல எண்ணின பிள்ளைங்க இங்க தானாவே எண்ண ஆரம்பிச்சிடுவாங்க.

போட்டோ எடுக்குறதுக்கு ஒரு ஒழுங்கு வச்சுக்கோங்க. முதல்ல தூரத்துல நின்னு முழுக் கோயிலு, அப்புறம் நாலு பக்கமும் ஒவ்வொண்ணு, அப்புறம் அடித்தளம், சுவர், விமானம்னு கீழ இருந்து மேல, கடைசியா தனித்தனிச் சிலை. பக்கத்துல ஒரு ஆளையோ குடையையோ நிக்க வச்சு ஒரு படம் எடுத்தா அளவு தெரியும். ராத்திரி ரூமுக்கு வந்ததும் எந்தப் படம் எந்தப் பக்கம்னு ரெண்டு வரி எழுதிடுங்க, வீட்டுக்கு வந்து எழுதிக்கலாம்னு விட்டா எல்லாக் கல்லும் ஒண்ணு மாதிரிதான் தெரியும்.

திரும்பி வந்த பிறகு இதே வேலையை நம்ம தோட்டத்துக் கோயிலுக்கும் செய்யணும், இதை நான் கெஞ்சியே கேக்குறேன். ரப்பர் போய் செம்பனை வந்து, செம்பனையும் போய் தாமான், அதான் வீடமைப்புப் பகுதி, வந்துக்கிட்டு இருக்கு, தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயத்துப் பக்கத்துல தாத்தா பாட்டி கூட்டி வச்ச மாரியம்மன், முனியாண்டி கோயிலு எத்தனை இடம் மாறிடுச்சு, எத்தனை இல்லாமயே போச்சு. பொறப்பட்டு வந்த ஊரு பேருகூட மறந்து போன குடும்பம் நம்மள்ல நிறைய, ஆனா கோயில் மணியில பேரும் வருஷமும் பொறிச்சிருக்கும், உபயம்னு போட்ட பலகையில கங்காணி பேரும் கிராணி (தோட்டத்துக் கணக்கர்) பேரும் இருக்கும், பழைய சூலத்துல எழுத்து இருக்கும். கும்பாபிஷேகத்துக்குப் புதுசாக் கட்டும்போது முதல்ல குப்பைக்குப் போறது இந்தப் பலகைதான். அதனால வேலை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே தலைவர்கிட்ட சொல்லிட்டு, அங்க செஞ்ச அதே வரிசையில, தூரத்துல இருந்து, நாலு பக்கம், கீழ இருந்து மேல, எழுத்து இருக்குற எல்லாத்தையும் டார்ச்சைச் சாச்சுப் பிடிச்சு எடுத்துடுங்க. வாசல் எந்தத் திசை, நிலம் யாரு பேருல இருந்துச்சு, முதல்ல எங்க இருந்து எங்க மாத்தினாங்கன்னு தோட்டத்துல மிச்சம் இருக்குற பெரியவங்ககிட்ட உக்காந்து கேட்டு அவங்க குரலையே போன்ல பதிஞ்சுக்கோங்க. ஒரு காப்பி உங்ககிட்ட, ஒரு காப்பி கோயில் கமிட்டிகிட்ட, இன்னொண்ணு வெளியூர்ல இருக்குற யாராவது சொந்தக்காரங்ககிட்ட குடுத்து வச்சிடுங்க, ஒரு போன் கெட்டுப் போனாலும் இன்னொண்ணுல இருக்கும்.